எந்தத் தட்டு, எந்தப் பெட்டி: மலையகக் கடைகளில் வீடியோ வடிவங்களின் போட்டி

தீபாவளி முற்பணம் கைக்கு வந்த வாரத்தில் அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, நாவலப்பிட்டி ஆகிய நகரங்களின் மின்சாதனக் கடைகளுக்குள் நுழைபவர்கள் விற்பனை மேசையில் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: “தம்பி, இது எங்க வீட்டு டிவியில ஓடுமா?” பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களும் எழுத்துகளும் இந்தக் கேள்விக்கு விடை சொல்வதில்லை. படத்தில் எத்தனை வரிகள், ஒலி எத்தனை பக்கத்திலிருந்து வரும், தட்டில் எவ்வளவு கொள்ளும் என்பவற்றையே அவை சொல்கின்றன. ஆனால் வீட்டில் படம் பார்ப்பதற்கான வடிவங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட கடந்த ஐம்பது ஆண்டுக் கதையைப் புரட்டிப் பார்த்தால், கேள்வி கேட்ட அந்தத் தோட்டத்து மனிதர் விஷயத்தின் நடுநரம்பையே தொட்டிருக்கிறார் என்பது புரியும். படத்தின் அழகு வெற்றியைத் தீர்மானித்த சந்தர்ப்பங்கள் குறைவு. வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது, அடுத்த லயத்தில் யாரிடம் என்ன இருக்கிறது, டவுனில் எது வாடகைக்குக் கிடைக்கிறது, பழுதானால் யார் திருத்துவார் என்பவையே பெரும்பாலும் தீர்மானித்தன. வாங்க வந்தவருக்குக் கடைக்காரர் உண்மையாகவே உதவ நினைத்தால் இவற்றிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

போட்டியின் முதற் கட்டத்தைப் பலரும் அறிவார்கள். சோனி நிறுவனம் 1975இல் பீட்டாமேக்ஸையும், ஜேவிசி நிறுவனம் 1976இல் விஎச்எஸ்ஸையும் ஜப்பானில் வெளியிட்டன. இரண்டிலும் ஓடியது அரை அங்குல அகல நாடாதான். பீட்டாமேக்ஸின் படம் சற்றுத் துல்லியமானது என்ற பேச்சு இன்றும் உண்டு. ஆனால் அதன் முதல் கேசட்டில் ஒரு மணி நேரம் மட்டுமே பதிய முடிந்தது. விஎச்எஸ்ஸில் இரண்டு மணி நேரம் பதியலாம். முழுப் படம் ஒன்றைக் கேசட் மாற்றாமல் பதிய முடியுமா என்று கேட்டவருக்கு விற்பனையாளர் சொல்லக்கூடிய பதில் அங்கேயே முடிவாகிவிட்டது. ஜேவிசி தன் உரிமத்தைப் பல நிறுவனங்களுக்கும் கொடுத்ததால் விஎச்எஸ் கருவிகள் பல பெயர்களில் பல விலைகளில் வந்தன. கருவிகள் பெருகியதால் வாடகைக் கடைகள் அதற்குரிய கேசட்டுகளையே அடுக்கின. கேசட்டுகள் பெருகியதால் புதிதாக வாங்குபவர் அந்தக் கருவியையே கேட்டார். 1988இல் சோனியே விஎச்எஸ் கருவிகளைத் தயாரிக்க இறங்கி வந்தது. பீட்டாமேக்ஸ் கேசட் உற்பத்தியை அது நிறுத்தியது 2016 மார்ச்சில். அதே ஆண்டு ஜூலையில் ஃபுனாய் நிறுவனம் விஎச்எஸ் கருவித் தயாரிப்பைக் கைவிட்டபோது அந்த வகைக் கருவியை உலகில் எவரும் செய்யாத நிலை வந்தது. தோற்றதும் வென்றதும் நான்கு மாத இடைவெளியில் அடங்கிப் போயின.

இந்தச் சண்டை உச்சத்தில் இருந்த காலத்தில்தான் இலங்கைக்குத் தொலைக்காட்சியே வந்து சேர்ந்தது. 1977க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன; 1979 ஏப்ரலில் சுயாதீன தொலைக்காட்சியும் 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. ரூபவாஹினியின் ஒளிபரப்புக் கோபுரம் நுவரெலியாவுக்கு மேலே பிதுருதலாகல உச்சியில் நின்றபோதிலும், அந்த மலையின் அடிவாரத் தோட்டங்களில் பல லயங்களுக்கு அப்போது மின்சாரம் இல்லை. அங்கே படம் வேறு வழியில் வந்தது. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் டவுனிலிருந்து டிவியையும் ‘டெக்’ எனப்படும் கேசட் ஓட்டும் கருவியையும் வாடகைக்கு எடுத்து, தேவையானால் ஜெனரேட்டரும் பிடித்து, விடியும்வரை இரண்டு மூன்று படம் ஓட்டுவார்கள். ஆக, வடிவத்தைத் தெரிவு செய்தவர் பார்வையாளர் அல்லர். டெக்கை வாடகைக்கு விட்டவரே தெரிவு செய்தார். அவரிடம் விஎச்எஸ் இருந்தது, ஊரில் எல்லோரும் விஎச்எஸ் பார்த்தார்கள். பீட்டாமேக்ஸ் என்ற பெயரைக் கேள்விப்படாமலேயே ஒரு தலைமுறை அந்தப் போட்டியைக் கடந்து வந்துவிட்டது.

சொந்த டெக் வீட்டுக்குள் வந்தது பெரும்பாலும் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன பெண்களின் உழைப்பால். இங்கேதான், வெளிநாட்டுப் புத்தகங்களில் அதிகம் பேசப்படாத இன்னொரு வடிவப் போட்டி குறுக்கிட்டது. கேசட்டின் உருவம் ஒன்றாக இருந்தாலும் அதில் பதிந்திருக்கும் வண்ண முறை நாட்டுக்கு நாடு வேறுபட்டது. இலங்கையும் இந்தியாவும் 625 வரிகளும் வினாடிக்கு 25 சட்டங்களும் கொண்ட ‘பால்’ முறையைப் பின்பற்றின. அமெரிக்காவும் ஜப்பானும் 525 வரிகளும் வினாடிக்கு ஏறத்தாழ 30 சட்டங்களும் கொண்ட என்டிஎஸ்சி முறையைப் பின்பற்றின. குவைத்திலும் துபாயிலும் ‘பால்’ இருக்க, சவூதி அரேபியாவில் செகாம் என்ற வேறொரு முறை இருந்தது. அதனால்தான் வளைகுடாக் கடைகளில் ‘மல்டி சிஸ்டம்’ என்று எழுதிய, பல முறைகளையும் ஓட்டக்கூடிய டெக்குகளுக்கு அத்தனை கிராக்கி. அந்தச் சொல் இல்லாத கருவியை விலை குறைவென்று வாங்கி வந்தால், ஊருக்கு வந்தபின் படம் கறுப்பு வெள்ளையில் ஓடும், அல்லது உருண்டுகொண்டே இருக்கும். இதைவிடக் கொடியது மின்னழுத்தம். சவூதியின் பல பகுதிகளில் அந்தக் காலத்தில் வீட்டு மின்சாரம் 127 வோல்ட். இங்கே 230 வோல்ட். கருவியின் பின்புறம், கம்பி நுழையும் இடத்துக்கு அருகில், திருப்புளியால் திருப்பக்கூடிய சின்ன வட்டம் ஒன்று இருக்கும். அதை 220 அல்லது 240க்குத் திருப்பாமல் பிளக்கைச் செருகியதும் ‘டப்’ என்ற சத்தத்தோடு இரண்டு வருட உழைப்பின் ஒரு பகுதி புகைந்து போவதுண்டு. பெட்டியைத் திறக்கும் முன் அந்த வட்டத்தைப் பார்க்கச் சொல்லத் தெரிந்த கடைக்காரர், படத்தின் துல்லியத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுபவரைவிட மேலானவர்.

மலையகத்துக்கே உரிய இன்னொரு சங்கடம் குளிரும் ஈரமும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதிகாலைக் குளிரில் கிடந்த டெக் இருக்கும் அறையில் அடுப்பு மூட்டினால் அதன் உள்ளே சுழலும் உலோக உருளையில் பனித்துளி படியும். ஈரத்தில் நாடா உருளையோடு ஒட்டிக்கொண்டு சிக்கும். அதைத் தடுக்கப் பல டெக்குகளில் ஈரத்தை உணரும் சிறு பாகம் இருந்தது. ஈரம் காய்ந்து தீரும்வரை, முகப்பில் ‘டியூ’ (பனித்துளி) என்று காட்டிக்கொண்டு, எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கருவி அசையாது. பழுதாகிவிட்டது என்று நினைத்துக் கருவியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் டவுனுக்கு இறங்கியவர்களுக்கு, கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது தானாகவே குணமாகியிருக்கும். நாடாவில் பூஞ்சணம் பிடிப்பது வேறு கதை. சுருளின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அதைக் கருவியில் போடவே கூடாது, ஏனெனில் ஒரு கேசட்டின் பூஞ்சணம் உருளை வழியாக மற்றக் கேசட்டுகளுக்கும் போய்விடும்.

தட்டுகள் வந்தபோது மக்கள் அவற்றை வரவேற்றதற்குப் படத்தைவிட இந்தத் தொல்லைகளே காரணம் என்பது என் எண்ணம். வீசிடியின் தரவரையறை 1993இல் வந்தது. அதன் படம் ‘பால்’ முறையில் 352க்கு 288 புள்ளிகள், வினாடிக்கு 1.15 மெகாபிட் தரவு என்ற அளவில் படத்தை அது படிக்கிறது. ஒரு தட்டில் 74 நிமிடம்வரை கொள்ளும், ஆகவே தமிழ்ப் படம் ஒன்றுக்கு இரண்டு, சில சமயம் மூன்று தட்டுகள் வேண்டும். இடைவேளையில் தட்டு மாற்ற எழும்ப வேண்டியிருந்ததை எவரும் பெரிய குறையாக எடுக்கவில்லை. மேலை நாடுகளில் வீசிடி காலூன்றவே இல்லை, ஆசியாவிலோ அது விஎச்எஸ்ஸை ஓரங்கட்டியது. காரணங்கள் எளியவை: தட்டு மலிவு, பூஞ்சணம் நாடாவைச் சிதைப்பதுபோல் அதைச் சிதைப்பதில்லை, ரீவைண்ட் செய்யத் தேவையில்லை, கருவியில் தேய்ந்து போகும் பாகம் குறைவு.

டிவிடியும் ஒரு போட்டி தவிர்க்கப்பட்டதால் பிறந்ததுதான். சோனியும் பிலிப்ஸும் ஒரு தட்டை உருவாக்க, தோஷிபாவும் மட்சுஷிதாவும் வேறு நிறுவனங்களோடு சேர்ந்து இன்னொன்றை உருவாக்கின. பீட்டாமேக்ஸ் காலத்துக் காயம் ஆறியிராத நிலையில் 1995இல் இரு தரப்பும் ஒரே வடிவத்துக்கு உடன்பட்டன. 1996 நவம்பரில் ஜப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்தது. ஒற்றை அடுக்கில் 4.7 ஜிபி, இரட்டை அடுக்கில் 8.5 ஜிபி, ‘பால்’ முறையில் 720க்கு 576 புள்ளிகள். உலகத்தை ஆறு வலயங்களாகப் பிரித்து, ஒரு வலயத்துத் தட்டு வேறு வலயத்துக் கருவியில் ஓடாதபடி செய்த ஏற்பாடும் அதனோடு கூடவே வந்தது. இலங்கையும் இந்தியாவும் ஐந்தாம் வலயம். அமெரிக்காவும் கனடாவும் முதலாம் வலயம். ஐரோப்பாவும் ஜப்பானும் இரண்டாம் வலயம். தட்டின் உறையைத் திருப்பிப் பார்த்தால், பின்புறத்தின் கீழ் மூலையில் உலக உருண்டை போன்ற சிறு படத்துக்குள் ஓர் எண் இருக்கும். கனடாவிலிருந்து சித்தி அனுப்பிய தட்டு ஏன் ஓடவில்லை என்பதற்கான விடை அந்த நகத்தளவு படத்துக்குள் இருக்கிறது. இங்கு விற்கும் மலிவான பிளேயர்களில் பல எல்லா வலயத் தட்டுகளையும் ஓட்டிவிடும், விலையுயர்ந்த பெயர்பெற்ற கருவிகளே சில வேளைகளில் மறுக்கும் என்பது இந்த வியாபாரத்தின் வேடிக்கைகளில் ஒன்று.

ஆனால் மலையகக் கடைகளில் டிவிடியை வாங்கியவர் எப்போதும் டிவிடியின் படத்தைப் பெற்றாரா என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. பஸ் நிலையத்தருகே விற்ற ‘ஒரே தட்டில் ஐந்து படம்’ வகையை எடுத்துக்கொள்வோம். இரண்டரை மணி நேரப் படங்கள் ஐந்து, ஒற்றை அடுக்குத் தட்டு. 4.7 ஜிபியை ஐந்தாகப் பிரித்து 9,000 வினாடிகளுக்குப் பங்கிட்டால் வினாடிக்கு ஒரு மெகாபிட்டுக்கும் குறைவாகவே, ஒலியையும் சேர்த்து, மிஞ்சும்; அதாவது வீசிடிக்கு ஒதுக்கப்பட்டதைவிடவும் குறைவு. இரட்டை அடுக்குத் தட்டாக இருந்தாலும் ஒன்றரை மெகாபிட் அளவில்தான் நிற்கும். முறையாக வெளியிட்ட டிவிடியிலோ படத்துக்கு மட்டும் 9.8 மெகாபிட்வரை இடமுண்டு. ஒரே தூளில் ஐந்தாவது தரம் ஊற்றிய தேநீரைப் போன்ற படம் அது: பாடல் காட்சியில் ஆட்டக்காரர்கள் வேகமாக அசையும்போது முகங்கள் சதுரம் சதுரமாக உடையும். உறையில் டிவிடி என்று எழுதியிருப்பது வடிவத்தின் பெயர் மட்டுமே, தரத்துக்கான உறுதி அன்று. இவ்வகைத் தட்டுகளில் மிகப் பல அனுமதியின்றிப் பிரதி எடுக்கப்பட்டவை என்பதும், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அவற்றை விற்பது குற்றம் என்பதும் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரிந்தே நடந்தது. இந்தியாவில் 2007இல் மோசர் பேர் நிறுவனம் முறையான வீசிடியை 28 இந்திய ரூபாவுக்கும் டிவிடியை 34 இந்திய ரூபாவுக்கும் விற்கத் தொடங்கியது. இரண்டுக்கும் இடையே ஆறே ரூபா வித்தியாசம் என்று ஆன பிறகு வீசிடிக்கு நீண்ட ஆயுள் இருக்க முடியாது.

இங்கே தூரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கடைகளில் இதை எவரும் சொல்வதில்லை. சாதாரணப் பார்வையுள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்துக்குக் குறைந்த இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்காது. இந்தக் கணக்கை வைத்தால், பழைய 21 அங்குலக் குழாய் டிவியில் வீசிடியின் 288 வரிகளை ஏறத்தாழ 12 அடி தூரத்தில் தனித்தனியாகக் காண முடியாது. லயத்துக் காம்பரா ஒன்று பொதுவாகப் பத்துக்குப் பன்னிரண்டு அடி. சுவரோரம் டிவியை வைத்து, பிள்ளைகள் முன்னால் தரையிலும் பெரியவர்கள் இஸ்தோப்பு வாசல் அருகிலும் உட்கார்ந்தால், பின்னால் இருப்பவருக்கு வீசிடிக்கும் டிவிடிக்கும் வரிகளின் எண்ணிக்கையால் வேறுபாடு தெரியாது. வீசிடியின் படத்தை மட்டமானது என்று இகழ்ந்தவர்கள் அதைப் பெரும்பாலும் பெரிய திரையில், கிட்ட இருந்து பார்த்தவர்கள். இப்போதைய 32 அங்குலத் தட்டை டிவிக்கும் இதே கணக்குத்தான். ஏறத்தாழ எட்டு அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் டிவிடியின் 576 வரிகளே கண்ணுக்குப் போதும். 1080 வரிகளின் முழுப் பயனையும் அடைய நான்கு அடிக்குக் கிட்ட வர வேண்டும். 43 அங்குல ‘4கே’ டிவியில், ஐந்தரை அடிக்கு அப்பால் இருப்பவருக்கு 4கேயின் மேலதிக புள்ளிகள் வீண்தான். நிறமும் வெளிச்சமும் இந்தக் கணக்கில் சேராதவை. அவற்றில் புதிய டிவிகள் மெய்யாகவே சிறந்திருக்கலாம். ஆனால் “டிவிக்கும் கட்டிலுக்கும் எத்தனை அடி?” என்று கேட்கும் விற்பனையாளர் ஒருவர் கிடைத்தால் வாங்குபவர் கணிசமான பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

அடுத்த பெரிய போர் 2006இல் மூண்டது. தோஷிபாவின் எச்டி டிவிடி ஒரு பக்கம், சோனியும் பல நிறுவனங்களும் முன்னிறுத்திய புளூ-ரே மறு பக்கம். இரண்டும் 12 சென்ரிமீற்றர் தட்டுகள், இரண்டிலும் 405 நனோமீற்றர் நீல ஊதா லேசர், இரண்டிலும் 1080 வரிப் படம். எச்டி டிவிடியின் ஓர் அடுக்கில் 15 ஜிபியும் புளூ-ரேயின் ஓர் அடுக்கில் 25 ஜிபியும் கொண்டன. புளூ-ரேயில் தரவு அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீற்றர் ஆழத்திலேயே இருப்பதால் கடினமான மேற்பூச்சு தேவைப்பட்டது. எச்டி டிவிடியை டிவிடி தயாரிக்கும் இயந்திரங்களைச் சற்று மாற்றியே செய்துவிடலாம். அமெரிக்கக் கடைகளில் எச்டி டிவிடி சிவப்பு உறையிலும் புளூ-ரே நீல உறையிலும் பக்கத்துப் பக்கத்து அலுமாரிகளில் நின்றன. முதல் எச்டி டிவிடி பிளேயர் 499 டொலர், முதல் புளூ-ரே பிளேயர் 999 டொலர். ஒரு பட நிறுவனத்தின் படம் நீலத்தில் மட்டும், இன்னொன்றின் படம் சிவப்பில் மட்டும் கிடைத்தது. இரண்டையும் ஓட்டும் பிளேயரை எல்ஜி 2007இல் கொண்டுவந்தது, ஆனால் விலை கூடுதல். பெரும்பாலானோர் என்ன செய்தார்கள் என்றால், இரண்டையும் வாங்காமல் பழைய டிவிடியோடு காத்திருந்தார்கள். குழம்பிய வாடிக்கையாளரின் அந்தக் காத்திருப்பே பட நிறுவனங்களைக் கலங்க வைத்தது.

முடிவைக் கடைகள் எழுதின என்று சொன்னால் மிகையாகாது. 2007 ஜூனில் வாடகைச் சங்கிலியான பிளாக்பஸ்டர் தன் பெரும்பாலான கடைகளில் புளூ-ரேயை மட்டும் வைக்க முடிவு செய்தது. ஓகஸ்டில் பட நிறுவனமான பாரமவுண்ட் எதிர்த்திசையில் போய் எச்டி டிவிடியை மட்டும் ஆதரித்தது. நவம்பரில் எச்டி டிவிடி பிளேயர் ஒன்று 100 டொலருக்கும் குறைவாக விற்பனைக்கு வந்தது. இவ்வளவு மலிவும் அதைக் காப்பாற்றவில்லை. 2008 ஜனவரி 4இல் வார்னர் பட நிறுவனம் புளூ-ரே பக்கம் சாய்ந்தது. பெப்ரவரியில் பெஸ்ட் பை, வால்மார்ட் ஆகிய கடைச் சங்கிலிகளும் அப்போது தட்டுகளை வாடகைக்கு விட்ட நெட்ஃபிளிக்ஸும் அடுத்தடுத்து அதே வழியில் போயின. பெப்ரவரி 19இல் தோஷிபா ஆயுதத்தைக் கீழே வைத்தது. தோற்ற கருவியை வாங்கி ஏமாந்தவர்களுக்குப் பெஸ்ட் பை 50 டொலர் பரிசு அட்டை கொடுத்தது. அந்தப் போர் மலையகக் கடைகளைத் தொடவே இல்லை என்று சொல்லலாம். அவ்விரு வடிவங்களிலும் தமிழ்ப் படம் அரிதாக இருந்தது, திரைகள் பெரும்பாலும் குழாய்த் திரைகள், டிவிடி பிளேயரின் விலையோ இறங்கிக்கொண்டிருந்தது. தாமதமாக வாங்குவது இந்த ஒரு விஷயத்தில் நம்மவர்களுக்கு லாபமாக முடிந்தது.

பிற்காலத்தில் புளூ-ரே வாங்க ஆசைப்பட்டவர்களுக்கு எழுந்த சிக்கல்களே நம் ஊர்க் கடைக்காரர் அறிந்திருக்க வேண்டியவை. புளூ-ரே பிளேயர் டிவிடியை நன்றாகவே ஓட்டும், ஆனால் பல மாதிரிகள் வீசிடியை ஏற்பதில்லை. கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா எல்லாவற்றையும் வீசிடியில் வைத்திருக்கும் வீட்டுக்கு இது பெரிய இழப்பு. இரண்டாவது, பிரதி எடுப்பதைத் தடுக்கும் விதிகளின்படி 2013க்குப் பின் தயாரித்த புளூ-ரே பிளேயர்களில் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகளில் மஞ்சள், அதாவது படம் வரும் துளை, இருக்காது. எச்டிஎம்ஐ துளை இல்லாத பழைய டிவியோடு அதை நேரடியாகப் பொருத்த வழியில்லை. மூன்றாவது வலயம்: புளூ-ரே உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தது, இலங்கை சி வலயம், ஐரோப்பா பி, அமெரிக்கா ஏ. 2016இல் வந்த 4கே புளூ-ரே தட்டில் வலயப் பூட்டு கிடையாது, ஆனால் சாதாரணப் புளூ-ரே பிளேயர் அதைப் படிக்காது. இவற்றில் எதையும் பெட்டியின் முன்புறம் பெரிய எழுத்தில் சொல்லாது.

கடையில் ஓட்டிக் காட்டும் படத்தை நம்பி முடிவெடுப்பதும் அபாயமானது. அங்கே டிவி நிறத்தையும் வெளிச்சத்தையும் உச்சத்துக்கு ஏற்றிய காட்சிநிலையில் இருக்கும். ஓடுவது பூக்களும் கடற்கரையும் நிறைந்த, தயாரிப்பாளரே கொடுத்த துண்டுப்படமாக இருக்கும். அதில் எந்த வடிவமும் அழகாகவே தெரியும். வேறுபாட்டைப் பார்க்க விரும்புபவர், வீட்டில் ஏற்கெனவே பலமுறை பார்த்த ஒரு தட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், அதில் இரவுக் காட்சியையும் மழைக் காட்சியையும் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். இருளில் படிகள் படிகளாகத் தெரிகிறதா, மழைக் கோடுகள் கலங்குகின்றனவா என்பதை ஐந்து நிமிடத்தில் கண்டுகொள்ளலாம். பிளேயரின் பின்புறத் துளைகளையும் வீட்டு டிவியின் பின்புறத் துளைகளையும் ஒப்பிட, புறப்படும் முன் டிவியின் முதுகைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும். வந்தவர் மறந்திருந்தால், வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அது வரும்வரை விற்பனையை நிறுத்தி வைக்கும் கடைக்காரரும் இருக்கிறார்கள். தவணைக்கு எடுப்பவர் இதில் இரட்டிப்புக் கவனம் எடுக்க வேண்டும், ஏனெனில் ஓடாத கருவிக்கும் தவணை ஓடிக்கொண்டே இருக்கும்.

வீட்டு நிகழ்ச்சிகளைப் பதிந்த தட்டுகளுக்கு இன்னொரு தனி வரலாறு உண்டு. ஸ்டூடியோக்காரர் எழுதிக் கொடுத்த தட்டு, கடையில் வாங்கும் படத் தட்டைப்போல் அச்சிட்டது அன்று. சாயப் பூச்சில் லேசரால் எழுதியது. அதிலும் ‘டிவிடி ஆர்’ கழித்தற்குறியோடு ஒன்று, கூட்டற்குறியோடு ஒன்று என இரண்டு போட்டி வடிவங்கள் இருந்தன. பழைய பிளேயர்களில் சில, ஒன்றை ஏற்று மற்றதைத் துப்பின. சாயம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் காலத்துக்கும் மங்கும். மேலே ஒட்டிய மணமக்களின் படக் காகிதம் ஈரத்தில் சுருங்கித் தட்டை வளைப்பதும் உண்டு. விஎச்எஸ் கருவிகள் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆனதால், கேசட்டில் இருப்பதை இன்னும் மாற்றாதவர்கள் நல்ல நிலையில் உள்ள டெக் ஒன்று டவுனில் எஞ்சியிருக்கும்போதே மாற்றிக்கொள்வது நல்லது. மாற்றியதை மீண்டும் ஒரு தட்டில் மட்டும் வைக்காமல் வன்தட்டிலும் ஒரு பிரதி வைக்க வேண்டும். தட்டுக் கருவிகளின் உற்பத்தியும் ஒடுங்கிக்கொண்டே வருகிறது: சாம்சுங் 2019இல் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய புளூ-ரே பிளேயர்களை வெளியிடுவதை நிறுத்தியது, சோனி 2025 பெப்ரவரியில் பதிவு செய்யும் புளூ-ரே தட்டுகளின் உற்பத்தியை முடித்தது.

இன்று மலையகத்தில் தட்டின் இடத்தைப் பெரும்பாலும் ‘பென்’ என்று சொல்லப்படும் பென்டிரைவ் பிடித்துக்கொண்டிருக்கிறது. பள்ளத்தாக்குத் தோட்டங்களில் சிக்னல் மலைமறைவில் அறுந்து அறுந்து வருவதால், இணையத்தில் நேரடியாகப் பார்ப்பதைவிட டவுனில் படத்தை நிரப்பிக்கொண்டு வருவது பலருக்கு வசதி. வடிவப் போட்டி இதோடு ஓய்ந்துவிட்டது என்று நினைப்பவர்கள், டிவியில் படம் ஓடிச் சத்தம் வராத அந்த மாலை நேரத்தில் உண்மையை அறிந்துகொள்கிறார்கள். கோப்பின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அதனுள்ளே படம் எச்.264 முறையிலா, 2013இல் வந்த எச்.265 முறையிலா சுருக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே டிவி அதைத் திறக்கும் அல்லது மறுக்கும். ஒலி டிடிஎஸ் முறையில் இருந்தால், அதற்கு உரிமம் பெறாத டிவிகளில் படம் ஊமையாக ஓடும். பென்னில் கோப்புகளை அடுக்கும் முறை ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு அதில் ஏறவே ஏறாது. வேறு முறைக்கு மாற்றினால் சில பழைய டிவிகள் பென்னையே கண்டுகொள்ளாது. ஆகவே டிவி வாங்கப் போகிறவர், வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கும் படங்களில் நான்கைந்தை, பழையதும் புதியதுமாக, ஒரு பென்னில் ஏற்றி எடுத்துச் சென்று, பணம் கட்டும் முன் அந்தக் குறிப்பிட்ட மாதிரியிலேயே ஒவ்வொன்றையும் சத்தத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். காட்சிக்கு வைத்திருக்கும் டிவி ஒரு மாதிரியும் களஞ்சியத்திலிருந்து இறக்கித் தரும் டிவி இன்னொரு மாதிரியுமாக இருக்கலாம் என்பதால், பெட்டியின் ஓரத்தில் ஒட்டியுள்ள மாதிரி எண்ணைக் கடைசி எழுத்துவரை ஒத்துப் பார்த்த பிறகே உத்தரவாத அட்டையில் முத்திரை குத்த விட வேண்டும்.